கடைமடைக்காரி

ஓஷ் நகரத்தில் ஷரோபத்தைப் பிடிக்காதவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. வேலை பார்த்த காலம் முழுக்க டிராலிபஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள் அவள். டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆளை, அவன் எந்தத் தெரு, யார் பிள்ளை, அவன் மாமியார் அவனைப் பற்றி என்ன சொல்கிறாள் என்பது வரைக்கும் வண்டிக்கே கேட்கும்படி சொல்லித்தான் இறக்கிவிடுவாள். ஓய்வு பெற்ற அன்று பணிமனையில் பூங்கொத்து கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் முகத்தில் இருந்த நிம்மதியை அவள் கவனிக்காமல் இல்லை. பூங்கொத்தை வழியில் நின்ற ஒரு கழுதைக்குத் தின்னக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

ஆனால் ஊரார் பகையெல்லாம் சில்லறைப் பகை. முழுப் பகை ஒன்றுதான், அது தம்பி எர்காஷோடு.

அக்-பூரா ஆற்றங்கரையில் அப்பா கட்டிய மண்வீடு அவர்களுடையது. ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று தெரிந்ததும் ஷரோபத் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். அப்பா சாவதற்கு முன் முற்றத்தின் நடுவே சுவர் வைத்து, மேல்பாதியை மகனுக்கும் கீழ்ப்பாதியை மகளுக்கும் கொடுத்தார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பாதி வீடா என்று எர்காஷ் அன்றைக்குப் பேச்சை நிறுத்தினான். அவளும் நிறுத்தினாள். பேச்சுதான் நின்றது, சாடை நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் நாயைத் திட்டுவான். தன்னை இல்லை என்று நாய்க்கே தெரியும், வாலைக்கூட மடக்காது. இந்தப் பக்கம் இவள் கோழியைத் திட்டுவாள்.

சுவர் தடுக்காத ஒன்று வாய்க்கால். மேலே ஆற்றிலிருந்து பிரிந்து, தெருவில் ஒவ்வொரு வீட்டு மதிலுக்கு அடியிலும் நுழைந்து வெளியேறி, எர்காஷின் முற்றத்தைக் கடந்து, கடைசியாக ஷரோபத்தின் முற்றத்தில் ஓடி, மறுபடி ஆற்றில் போய் விழும். அவள்தான் கடைமடை. தெருவே வேண்டாம் என்று விட்டதெல்லாம் அவள் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் ஆற்றுக்குப் போகும்.

அப்பா காலத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. விடியற்காலையில் எல்லா வீட்டுக்காரர்களும் குடிதண்ணீர் மொண்டு சாடியில் தெளிய வைக்கும்வரை யாரும் வாய்க்காலில் கை நனைக்கக் கூடாது. அதற்குப் பிறகு பாத்திரம், எல்லாம் முடிந்த பிறகு துணி. தண்ணீரில் துப்பிய ஒரு பையனை அப்பா காதைப் பிடித்துத் தூக்கியதை ஷரோபத் பார்த்திருக்கிறாள். அந்தப் பையன் எர்காஷ்தான். இப்போது அவன் முற்றத்தில் கார் ரிப்பேர் செய்கிறான். காலையில் சோப்பு நுரை வரும். மதியம் டீசல் வரும். சாயங்காலம் எண்ணெய் ஏழு நிறத்தில் மினுங்கிக்கொண்டு வரும். அவளுடைய திராட்சைக் கொடியின் இலைகள் ஓரம் கருகிப் போயிருந்தன.

டீசலைவிட மோசமான ஒன்றும் அந்த வழியில் வந்தது. கெட்ட கனவு கண்டவர்கள் எழுந்ததும் யாரிடமும் வாய் திறக்காமல் ஓடுகிற தண்ணீரிடம் போய் அதைச் சொல்ல வேண்டும். தண்ணீர் அதைக் கொண்டுபோய்விடும். முதல் பேச்சு மனிதர்களிடம் என்று ஆகிவிட்டால் கனவு தங்கிவிடும், பலித்துவிடும். எண்ணெயைக் கூச்சமில்லாமல் தண்ணீரில் விடுகிற எர்காஷ் இந்த விஷயத்தில் மட்டும் அப்பாவின் பிள்ளை. விடிந்ததும் சுவரோரம் குந்தி வாய்க்காலிடம் முணுமுணுப்பான். சுவரடியில் தண்ணீர் நுழைகிற துவாரம் அந்த முணுமுணுப்பை ஒரு சொல் சிந்தாமல் இந்தப் பக்கம் கொண்டுவந்து கொட்டும். ஷரோபத் முகம் கழுவ உட்காரும் கல் அந்தத் துவாரத்துக்கு நேரே இருந்தது. முதல் தடவை கேட்டபோது எழுந்து போய்விட்டாள். அப்புறம் போகவில்லை. சோப்பும் எனக்கு, டீசலும் எனக்கு, இவன் கெட்ட கனவும் எனக்கா என்று ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட்டாலும் கேட்டதில் ஒன்றையும் அவள் மறக்கவில்லை.

நவ்ரூஸ் பண்டிகைக்கு முன்னால், மேலே அணையில் தண்ணீரை அடைத்துவிட்டுத் தெருவே கூடி வாய்க்காலைத் தூர் வாருவார்கள். ஹஷர் என்று பெயர். ஆண்கள் மண்வெட்டியோடு வருவார்கள், பெண்கள் பெரிய கொப்பரையில் பிலாவ் சமைப்பார்கள். அந்த வருடமும் கூடினார்கள். எர்காஷ் இரண்டு மண்வெட்டிச் சேற்றை அள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"யாருக்காக இதத் தோண்டிக்கிட்டு இருக்கோம்? குழாயில தண்ணி வருது. இதுல பாட்டிலும் பேம்பர்ஸும்தான் வருது. மூடி சிமெண்டு போட்டா நாலு வண்டி நிறுத்தலாம்."

தெருத் தலைவர் நூரிதின் வயதானவர், சண்டைக்குப் பயந்தவர். "கீழ இன்னொரு வீடு இருக்கே தம்பி," என்றார்.

"எந்த வீடு? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே," என்றான் எர்காஷ், சுவரைப் பார்த்துக்கொண்டு. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஷரோபத் காரட் வெட்டுவதை நிறுத்தினாள். கொப்பரையைப் பார்த்து, வண்டி முழுக்கக் கேட்கிற அந்தப் பழைய குரலில் பேசினாள். "வாய்க்கால மூடிட்டா, அம்மா கனவுல வந்து தண்ணி கேக்கறப்ப எங்க போயி மொள்ளுவான்? போன வாரம் எண்ணெ டப்பாவத்தான நீட்டினான்? அம்மாவும் வாங்கிக் குடிச்சிட்டு வாயத் தொடச்சுக்கிட்டாளாம். அதுக்கு விடிஞ்சதும் குந்திக்கிட்டு மூக்கச் சிந்தி அழறதுக்காவது ஒரு வாய்க்கா வேணாமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு இது எப்படித் தெரியும் என்று யோசிக்க அந்தத் தெருவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. எர்காஷின் காது மடல் சிவந்தது. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனான்.

"அது தண்ணிக்குச் சொன்னதும்மா," என்றார் நூரிதின். "மனுஷி அத எடுக்கலாமா?"

"என் வீட்டு வழியா வருது, எடுக்கிறேன். டீசலையும்தான் எடுக்கிறேன், அதுக்கு யாரும் வாய் தொறக்கலயே."

பக்கத்தில் இருந்த பெண்கள் பலகையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் வெட்டிய காரட்டை ஒருத்தி தனியாக ஒதுக்கி வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் தட்டு அவளைத் தாண்டிப் போனது. ஷரோபத் கத்தியைத் துடைத்து எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். சொன்னது தப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இரண்டு மடங்காக இருந்தது.

சாயங்காலத்துக்குள் எர்காஷ் அந்தத் துவாரத்தில் தகரம் வைத்துச் சிமெண்டு பூசி, தன் பக்கத் தண்ணீரை நேரே ஆற்றில் விடுவதற்கு ஒரு குழாயும் பதித்துவிட்டான். அணை திறந்தால் தெருவுக்கெல்லாம் தண்ணீர் வரும், ஷரோபத்துக்கு வராது. அவள் தன் பக்கத்தில் குந்தி ஈரச் சிமெண்டைப் பார்த்தாள். கோழியைக்கூடத் திட்டத் தோன்றவில்லை.

மறுநாள் விடியும்போது வியர்த்து எழுந்தாள். கனவில் எர்காஷ் செத்துக் கிடந்தான். அவள் முற்றத்தில் பலகை போட்டுக் குளிப்பாட்டுகிறார்கள். தண்ணீர் ஊற்றுகிறவள் அவள்தான். பெண்பிள்ளை ஊற்றலாமா என்று கனவில் யாரும் கேட்கவில்லை. பாதி உடம்பு நனைந்ததும் குடம் காலியாகிவிடுகிறது. வாய்க்காலில் மொள்ளப் போனால் சிமெண்டு. திரும்பிப் பார்த்தால் பாதி நனைந்த தம்பி கண்ணைத் திறந்து, மீதிக்காக அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பாசம் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். அவன் செத்தால் சிமெண்டு அப்படியே நின்றுவிடும், அவன் பிள்ளைகளுக்கு வாய்க்காலும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அதை உடைக்க வேண்டியவன் உயிரோடு இருந்தாக வேண்டும். அதுவும் போக, இத்தனை வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த பகையைக் கேவலம் ஒரு கனவு வந்து முடித்துவைப்பதா. இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் ஷரோபத் தலைத்துணியைக் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

வாயை இறுக்கி மூடிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இறங்கினாள். ஆறு ஆறாக இல்லை. அணை அடைத்திருந்ததால் குட்டை குட்டையாகக் கிடந்தது, ஒவ்வொரு குட்டையிலும் பாட்டில்கள். நிற்கிற தண்ணீரிடம் சொன்னால் கனவும் அங்கேயே நின்றுவிடும். ஓடுகிற தண்ணீர் வேண்டும். மேலே போனால் எங்காவது இருக்கும் என்று கரையோடு நடக்க ஆரம்பித்தாள்.

எர்காஷ் இதை மாடியிலிருந்து பார்த்தான். காலங்காலையில் இவள் ஆற்றோரமாக மேலே போகிறாள் என்றால் தண்ணீர் ஆபீசுக்குத்தான், சிமெண்டைப் பற்றிப் புகார் கொடுக்கத்தான் என்று முடிவு கட்டினான். தொப்பியை மாட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினான். கொஞ்ச தூரம் விட்டு நடந்தபடி ஒரு விளக்குக் கம்பத்தைக் கூப்பிட்டான்.

"பாத்துக்க கம்பமே. பொறந்த வீட்டப் பாதியாப் பிச்சுத் தின்னவங்க ஆபீசுக்குப் போறாங்க. புருஷன் ஏன் ஓடுனான்னும் அங்க எழுதிக் கேப்பாங்க."

ஷரோபத்தின் நாக்கு நுனியில் அவனுக்கு ஏழு பதில் இருந்தது. விழுங்கினாள்.

சந்தைப் பாலத்துக்கு அடியில் ஆட்டுக்குடலும் வெங்காயத் தோலும் நாறிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் இங்கே தேநீர்க் கடைகளின் கட்டில்களைத் தண்ணீருக்கு மேலேயே போட்டிருப்பார்கள். முலாம்பழத்தைக் கயிற்றில் கட்டி ஆற்றில் தொங்கவிட்டுக் குளிர வைப்பார்கள். அக்-பூரா என்றால் வெள்ளை ஆண் ஒட்டகம். வசந்தத்தில் மதம் பிடித்த ஒட்டகம் வாயில் நுரை தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி வரும், தேநீர் குடிக்கிறவன் கால் நனையும், அவன் சந்தோஷமாகத் திட்டுவான். இப்போது தேநீர்க் கடைக்கு ஏர்கண்டிஷன் இருக்கிறது, ஆற்றுப் பக்கம் கழிவறை இருக்கிறது.

"அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா," என்றான் அடுப்பிலிருந்து சம்சா எடுத்துக்கொண்டிருந்தவன். அவன் மட்டும்தான் நேற்றைய விஷயம் தெரியாதவன். சலாமுக்குப் பதில் சொல்லாமல் போனால் பாவம். ஷரோபத் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

"திமிரப் பாத்தியா," என்றான் சம்சாக்காரன்.

"இன்னிக்கா பாக்கறே?" என்றான் பின்னால் வந்த எர்காஷ், சூடாக ஒரு சம்சாவை எடுத்துக்கொண்டே.

அடுத்து பழைய நூல் ஆலை. சிறுவயதில் இந்த இடத்துக்குக் கீழே ஆறு ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். இன்றைக்கு என்ன நிறத் துணி என்று தெருப் பிள்ளைகள் ஆற்றைப் பார்த்தே சொல்வார்கள். எர்காஷ் அதில்தான் நீச்சல் கற்றான். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து பச்சைச் சாயத்தோடு வீட்டுக்கு வந்தவனுக்கு அவள்தான் தவளை என்று பேர் வைத்தாள். அம்மா இரண்டு பேரையும் அடித்தாள், ஒருவனைச் சாயத்துக்கு, ஒருத்தியைச் சிரித்ததற்கு. பிறகு சோவியத் நாடு விழுந்தது, ஆலை நின்றது, ஊரில் பாதிப் பேருக்கு வேலை போனது, ரொட்டிக்கு வரிசை நின்றார்கள். அந்தப் பட்டினி வருடங்களில் ஆறு கண்ணாடி மாதிரி ஓடியது, மீன்கூட வந்தது. மனிதர்கள் கொஞ்சம் தலையெடுத்ததும் மறுபடி அழுக்கானது. இந்த ஆற்றுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் நல்ல காலம் வந்ததே இல்லை என்று ஷரோபத்துக்குத் தோன்றியது. யாரிடமாவது சொல்லலாம் போல இருந்தது, சொல்ல முடியாது.

ஆலைச் சுவரைத் தாண்டினால் வரிசையாகக் கார் கழுவும் இடங்கள். அங்கே தண்ணீர் ஓடியது, ஆனால் அது சோப்புத் தண்ணீர். அதையும் தாண்டினாள். தண்ணீர் ஆபீஸ் வாசல் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனதும் எர்காஷ் நின்றுவிட்டான். கையில் பாதிச் சம்சா. அப்புறம் அவனுக்குக் கோபம் வந்தது, ஏனென்றே தெரியாத ஆளுக்கு வருகிற கோபம். மறுபடி பின்னாலேயே நடந்தான்.

ஊர் முடிகிற இடத்தில், பெரிய பாலத்துக்கு மேலே, ஆற்றுப் படுகை வெறும் கல்லாகக் கிடந்தது. நடுவில் ஒரு ஊற்றுத் தண்ணீர், விரற்கடை அகலத்துக்கு, கற்களுக்கிடையில் ஓடிக்கொண்டிருந்தது. ஷரோபத் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கரையில் இறங்கினாள்.

அவள் குந்துவதற்குள் எர்காஷ் இறங்கி அவளைத் தாண்டி ஓடினான். மேல்பக்கமாகப் போய், அந்த ஒற்றை ஓட்டத்தின் குறுக்கே இரண்டு காலையும் வைத்து நின்றான்.

"ஓகோ," என்றான் கற்களைப் பார்த்து. "ஆபீசு இல்ல. தண்ணிகிட்ட எனக்குச் சாபம் வைக்க வந்திருக்காங்க. வைக்கட்டும். எப்படி வைக்கறாங்கன்னு பாக்கறேன்." ஷூவால் தண்ணீரைக் கலக்கினான். ஓட்டம் சேறாகி அவள் காலடியில் வந்து நின்றது.

ஷரோபத் காத்திருந்தாள். வாழ்க்கையில் இவ்வளவு நேரம் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்ததே இல்லை. தலை நிமிர்ந்து அவன் தோளுக்கு மேலே பார்த்தபோது, வளைவில் கொக்குகள் ஒன்றாகக் கிளம்புவதைக் கண்டாள். அவற்றுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, நுரையோடு, கட்டைகளையும் பாட்டில்களையும் தள்ளிக்கொண்டு வந்தது. அணையைத் திறந்துவிட்டார்கள். பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, எர்காஷ் காதில் ஒன்றும் விழவில்லை. அவன் வெள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றின் நடுவில் சேற்றைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

கையை ஆட்டினாள். அடிக்க வருகிறாள் என்று நினைத்து அவன் இளித்தான்.

வாயைத் திறந்தால் கனவு தங்கிவிடும். திறக்காவிட்டால் கனவுக்கு வேலையே இருக்காது.

"டேய் தவளை, பின்னாடி பாரு. ஓடுடா."

அந்தப் பேரைக் கேட்டு எத்தனை வருடமாகிறது என்பதில் அவன் ஒரு கணம் நின்றான். பிறகு திரும்பிப் பார்த்தான். ஓடினான். கரைச் சரிவில் பாதி ஏறியபோது தண்ணீர் அவன் காலைப் பிடித்தது. முன்னாலேயே மேலே ஏறியிருந்த ஷரோபத் அவன் கோட்டுக் காலரைப் பற்றி, திட்டிக்கொண்டே இழுத்தாள். ஒரு ஷூ போனது, ஆள் வந்தான். வந்ததும் கையைச் சுட்ட பாத்திரத்தை விடுகிற மாதிரி காலரை விட்டாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். கீழே ஆறு சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது.

"இப்பதான் வாய் தொறந்துச்சாக்கும்," என்றான் எர்காஷ். சொன்ன பிறகுதான் அவனுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கம்பத்திடம் அவன் பேசியதற்குப் பதில் இல்லை. சலாமுக்குப் பதில் இல்லை. இவள் சும்மா இருக்கிறவள் இல்லை. "காலையில இருந்து நீ யாருகிட்டயும் பேசல."

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கனவா?"

அவள் காலில் ஒட்டிய சேற்றை வழித்தாள்.

"யாரப் பத்தி?"

"உன் நாயப் பத்தி."

எர்காஷ் தன் ஈரக் காலைப் பார்த்தான். "நாயி செத்துப்போச்சா கனவுல?"

"பொத்திக்கிட்டு நட. ஒத்த ஷூவோட போறத ஊரு பாக்கட்டும்," என்றாள் ஷரோபத். குரல் உடைந்துவிட்டது, அதற்காகவும் அவன் மேல் எரிச்சலாக இருந்தது. வந்தபடியே தள்ளித் தள்ளித்தான் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் காலையில் சுவர் அதிர்ந்தது. அந்தப் பக்கம் கடப்பாரை. சிமெண்டு பெயர்ந்து, தகரம் வளைந்து, துவாரம் வழியாக முதலில் தூசி வந்தது, பிறகு கலங்கல் தண்ணீர், அதன் பின்னாலேயே எண்ணெய் மினுங்கிக்கொண்டு வந்தது. ஷரோபத் கல்லில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து கத்தினாள்.

"டேய், எண்ணெய நிறுத்துடா மொதல்ல."

"தண்ணி விடறதே பெருசு. வேணும்னா வச்சுக்க, வேணாம்னா அடைச்சுக்க."

"உன் வாய அடைக்கிறேன் இரு."

இருவரும் ஓய்ந்த பிறகு அவள் துவாரத்தருகே குந்தினாள். நேற்றும் மனிதனிடம்தான் முதலில் பேசினாள், இன்றைக்கும் அப்படியே. அப்பா சொல்லிவைத்தபடி பார்த்தால் இனி சொல்லிப் பிரயோசனமில்லை. ஆனாலும் சொன்னாள். பலகை, குடம், பாதி நனைந்த உடம்பு எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் தண்ணீரிடம் சொன்னாள். தண்ணீர் அவன் பக்கமிருந்து வருகிறது, அவள் சொன்னது ஆற்றுக்குத்தான் போகும், அவனிடம் திரும்பிப் போகாது. கடைமடையில் உட்கார்ந்திருப்பதற்கு இப்படி ஒரு லாபம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். அந்தப் பக்கம் கடப்பாரைச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. துவாரத்துக்குப் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அடுத்த வாட்டி குடத்த ரொப்பி வச்சுக்க," என்றான் எர்காஷ்.

ஷரோபத் வாளியை முக்கி, எண்ணெயும் சிமெண்டுமாக, சுவருக்கு மேலே அவன் பக்கம் வீசினாள்.